படைப்பைப் பொதுவில் வைக்குமுன்



நம் ஆண்டிதழின் முதல் பக்கத்தைப் புரட்டினால், பதிப்பு விவரங்களுக்குக் கீழே ஒரு வரி இருக்கும். 'இவ்விதழில் இடம்பெற்றுள்ள படைப்புகளை அனுமதியின்றி மறுபதிப்புச் செய்யலாகாது' என்பது அந்த வரி. நான் மாணவனாக இதழ்க்குழுவில் பணியாற்றிய காலத்திலும் அது இருந்தது. எனக்கு முந்தைய சீனியர்களின் காலத்திலும் இருந்தது. ஆனால் அனுமதியை யாரிடம் கேட்பது? கழகத்திடமா, எழுதியவரிடமா? எழுதியவர் பட்டம் பெற்று ஊர் திரும்பிவிட்டால் எந்த முகவரியில் கேட்பது? அந்த வரி எதையும் சொல்வதில்லை.

அந்த வரிக்குப் பதிலாக வேறு என்ன எழுதலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் சட்டம் படித்தவன் அல்லன். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, ஓய்வு நேரத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக ஓரங்க நாடகங்கள் எழுதி வருபவன். இதுவரை 11 நாடகங்கள் எழுதியிருக்கிறேன். அவற்றை எந்த நிபந்தனையில் பொதுவில் வைப்பது என்று முடிவு செய்வதற்காகவே உரிமங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கழகத்தின் பழைய இதழ்களை மின்வடிவமாக்கும் பேச்சு இப்போது நடந்துவருவதால், படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

சட்டம் கேட்காமலே தருவது

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் நாளிதழ்கள் 'காப்புரிமை', 'பதிப்புரிமை' இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. புதிய கண்டுபிடிப்புக்குத் தரப்படும் பேட்டண்ட் ஒன்று. எழுத்து, இசை, ஓவியம், நிழற்படம் ஆகியவற்றுக்கு உள்ள உரிமை வேறொன்று. முன்னதற்கு விண்ணப்பம், ஆய்வு, கட்டணம் எல்லாம் உண்டு. பின்னதற்கு எதுவும் வேண்டாம். கதையை எழுதி முடித்தவுடன் அது உங்களுடையது. மலேசியா 1990இலும் சிங்கப்பூர் 1998இலும் இணைந்த பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே அதுதான். மலேசியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அறிவுசார் சொத்துக் கழகத்தில் விரும்பினால் பதிந்துகொள்ளலாம். அது சான்றுக்கு உதவும், அவ்வளவே. பதியாவிட்டால் உரிமை போய்விடாது. இக்கட்டுரையில் 'பதிப்புரிமை' என்ற சொல்லையே ஆள்கிறேன்.

இந்த உரிமை எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும். சிங்கப்பூரில் வாழ்நாளும் 70 ஆண்டுகளும். 2020இல் காலமான ஒருவரின் கதை இங்கே 2070ஆம் ஆண்டு முடியும்வரை, சிங்கப்பூரில் 2090ஆம் ஆண்டு முடியும்வரை பூட்டியிருக்கும். நம் ஆண்டிதழில் எழுதியவர்களுள் எத்தனை பேருடைய படைப்பை 2070இல் யாராவது தேடி வருவார்கள்?

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1980களில் நம் சீனியர் ஒருவர் எழுதிய நாடகம் பழைய இதழ் ஒன்றில் இருக்கிறது. தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட, லயத்து வீட்டைக் காலி செய்யும் ஒரு குடும்பத்தின் கடைசி இரவுதான் கதை. பேராக்கில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் அதைத் தம் மாணவர்களைக் கொண்டு மேடையேற்ற விரும்பினார். நாடகம் முக்கால் மணி நேரம். போட்டிக்கு 20 நிமிடமே அனுமதி. குறைக்க வேண்டும், ஒரு பாத்திரத்தை எடுத்துவிட வேண்டும், ஒளிப்பதிவை இணையத்தில் ஏற்ற வேண்டும். எழுதியவர் காலமாகிவிட்டார். குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியை இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு வேறு நாடகத்தைப் போட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று, நுழைவுக் கட்டணம் வாங்காமல், கல்விக்காகவோ அறப்பணிக்காகவோ ஒரு படைப்பை மேடையேற்றுவதை மலேசியச் சட்டமே அனுமதிக்கிறது. ஆகவே பள்ளி மண்டபத்தில் இலவசமாக நாடகம் போடுவது மட்டும் என்றால் சிக்கலே இல்லை. நாடகத்தைச் சுருக்குவதும், மலாய் மொழியில் பெயர்ப்பதும், இணையத்தில் ஏற்றுவதும், பள்ளிக் கட்டட நிதிக்கு நுழைவுச்சீட்டு விற்பதும்தாம் தனி இசைவு வேண்டியவை. நம் பள்ளிகளில் உண்மையில் நடப்பவையும் இவைதாம்.

நான்கு நிபந்தனைகள்

இந்த இசைவை முன்கூட்டியே, எல்லாருக்கும் பொதுவாக எழுதி வைப்பதே திறந்த உரிமம். பதிப்புரிமையை விட்டுக்கொடுப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். இல்லை. உரிமை உங்களிடமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, 'இந்த நிபந்தனைக்கு உட்பட்டால் என்னைக் கேட்க வேண்டாம்' என்கிறீர்கள். நிபந்தனையை மீறுபவர் மீது வழக்கம்போல வழக்குத் தொடுக்கலாம்.

படைப்பிலக்கியத்துக்கு இன்று பரவலாகப் பயன்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். தமிழில் 'படைப்பாக்கப் பொதுமங்கள்' என்கிறார்கள். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் முதலானோர் 2001இல் தொடங்கிய அமைப்பு இது. 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வெளிவந்தன. இப்போது வழக்கிலிருப்பது 2013 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு. மலேசியாவுக்கென்று 2.5 பதிப்பும் சிங்கப்பூருக்கென்று 3.0 பதிப்பும் தனியே உண்டு. புதிதாக வெளியிடுபவர் அவற்றை எடுக்க வேண்டாம். 4.0 எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. அதோடு, நிபந்தனையைத் தவறவிட்டவர் தெரிந்துகொண்ட 30 நாள்களுக்குள் திருத்திவிட்டால் உரிமம் மீண்டும் உயிர்பெறும் என்ற விதியும் அதில்தான் வந்தது. பெயர் போட மறந்த ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரை அந்த விதி காப்பாற்றும்.

நிபந்தனைகள் நான்கு. படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது முதலாவது. மாற்றி அமைத்தால், மாற்றியதையும் இதே உரிமத்தில் தர வேண்டும் என்பது இரண்டாவது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது மூன்றாவது. மாற்றக்கூடாது என்பது நான்காவது. இவற்றைச் சேர்த்தும் விட்டும் 6 உரிமங்கள் கிடைக்கின்றன. பெயர் குறிப்பிடுவது ஆறிலும் உண்டு. இரண்டாவதும் நான்காவதும் ஒன்றாக வரா. மாற்றவே கூடாது என்ற பிறகு மாற்றியதை எப்படிப் பகிர்வது? இந்த ஆறுக்கும் வெளியே, 2009இல் வந்த 'சிசி பூச்சியம்' என்பது எந்த நிபந்தனையும் இல்லாமல், சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு எல்லா உரிமையையும் துறந்துவிடுவது.

பெயர் குறிப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பு, எழுதியவர், எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமம், மாற்றினோமா என்பன தெரிந்தால் போதும். ஊடகத்துக்கு ஏற்ற நியாயமான முறையில் சொல்லலாம் என்று உரிமமே கூறுகிறது. மேடையில் அறிவிப்பாளர் வாயால் சொல்லி, நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டால் நிறைவேறிவிடும். மாறாக, யாராவது நம் நாடகத்தைச் சீரழித்துவிட்டால், 'என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று கேட்கவும் 4.0 பதிப்பு வழிவிடுகிறது. எழுத்தாளர்களுக்கு இது சிறு ஆறுதல்.

மற்ற மூன்றும்தான் தூக்கத்தைக் கெடுப்பவை.

'மாற்றக்கூடாது' என்பது எழுதுபவர்களுக்குக் கேட்டவுடனே பிடித்துவிடும். என் வசனத்தில் கைவைக்காதே என்று யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது? ஆனால் மொழிபெயர்ப்பும் மாற்றமே. சுருக்குவதும் மாற்றமே. 4.0 பதிப்பில் ஒருவர் தமக்காக மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதைப் பிறருக்குத் தரவோ மேடையேற்றவோ முடியாது. 6 பேர் நடிக்கும் நாடகத்தை 4 மாணவர் மட்டுமே உள்ள வகுப்புக்கு ஏற்றபடி மாற்ற முடியாது என்றால், அந்த நாடகத்தைத் திறந்து வைத்து என்ன பயன்? சில எழுத்துகளுக்கு இந்த நிபந்தனை சரி. என் தந்தையாரைப் பற்றி நான் எழுதிய நினைவுக் கட்டுரையை அப்படித்தான் வெளியிட்டிருக்கிறேன். அதில் யாரும் ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம். நாடகத்துக்கும் பாடத்துணைக்கும் இந்த நிபந்தனை ஒத்துவராது என்பது என் கருத்து.

'வணிகத்துக்கு ஆகாது' என்பதுதான் மாணவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது. காரணம் கேட்டால், 'நான் இலவசமாகத் தந்ததை இன்னொருவன் விற்றுக் காசு பார்ப்பதா?' என்பார்கள். நியாயம்தான். ஆனால் வணிகம் எது? வணிக ஆதாயத்தையோ பணத்தையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட பயன்பாடு என்று உரிமம் வரையறுக்கிறது. பயன்படுத்துபவர் யார் என்று அது பார்ப்பதில்லை. பயன்பாடு எது என்றே பார்க்கிறது. அறநிறுவனம் ஒன்று விற்பனைக்கு அச்சிட்டால் அது வணிகமாகலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் 10 ரிங்கிட்டுக்கு நுழைவுச்சீட்டு விற்றுக் கட்டட நிதி திரட்டினால் அது எந்தப் பக்கம்? நான் பேசிப்பார்த்த 3 வழக்கறிஞர்கள் 3 விதமாகச் சொன்னார்கள். இந்தத் தயக்கமே பலரைப் பின்வாங்க வைத்துவிடுகிறது. அந்தப் பேராக் ஆசிரியையைப் போன்றவர்கள் ஐயம் வந்தால் எடுக்கவே மாட்டார்கள். அசட்டுத் துணிச்சல்காரர்கள் உரிமத்தைப் படிப்பதே இல்லை.

அமெரிக்காவில் இதைப் பற்றி வழக்கே நடந்தது. கிரேட் மைண்ட்ஸ் என்ற இலாப நோக்கமற்ற நிறுவனம் தன் கணிதப் பாடநூலை வணிகம்சாரா உரிமத்தில் வெளியிட்டிருந்தது. பள்ளிகள் அதை நகலெடுக்க ஃபெடெக்ஸ் கடைக்குக் கொடுத்தன. கடை காசு வாங்கி நகலெடுத்தது வணிகம் அல்லவா என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பவில்லை. பள்ளியின் பயன்பாடு வணிகமன்று. பள்ளி தன் வேலைக்குக் கடைக்காரரை அமர்த்திக்கொண்டால் அது மாறிவிடாது என்பது தீர்ப்பு. ஆஃபிஸ் டிப்போ மீது அதே நிறுவனம் தொடுத்த இன்னொரு வழக்கிலும் 2019இல் இதே முடிவுதான். நம் ஊர் நகலகத்தில் நூல் நகலெடுக்கும் ஆசிரியருக்கு இது நல்ல செய்தி. என்றாலும், உரிமம் தந்த நிறுவனமே தான் தந்த உரிமத்துக்கு வேறு பொருள் கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. விக்கிப்பீடியாவும் அதன் உறவுத் திட்டங்களும் வணிகத் தடையுள்ள எழுத்தையும் படத்தையும் பொதுவாக ஏற்பதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு நம் நாட்டு எழுத்தாளர்கள், கோயில்கள், தோட்டங்கள் பற்றிய படங்களும் எழுத்துகளும் எவ்வளவோ தேவைப்படுகின்றன. 'வணிகத்துக்கு ஆகாது' என்று போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

'மாற்றியதையும் இதே உரிமத்தில் தருக' என்பதே என் மனத்துக்கு உகந்த நிபந்தனை. 2009 முதல் விக்கிப்பீடியா பின்பற்றுவதும் இதுவே. 2023இல் அது 4.0 பதிப்புக்கு மாறியது. நம் நாடகத்தை ஒருவர் மலாயில் பெயர்த்து வெளியிட்டால், அந்த மலாய் நாடகத்தையும் எவரும் எடுத்தாளலாம். பதிப்பகம் ஒன்று தொகுத்து விற்கலாம். ஆனால் அதில் மாற்றி எழுதிய நாடகத்தைப் பூட்டி வைக்க முடியாது. இதற்கும் எல்லை உண்டு என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது. அமெரிக்க நிழற்படக்காரர் ஒருவர் இந்த உரிமத்தில் இணையத்தில் இட்டிருந்த படத்தைக் காப்பா மேப் குரூப் என்ற நிறுவனம் தன் நிலப்பட நூலின் அட்டையில் அச்சிட்டு விற்றது. நூல் முழுவதும் திறந்த உரிமத்தில் வர வேண்டும் என்பது அவர் வாதம். 2015இல் நீதிமன்றம் மறுத்தது. படத்தை அட்டையில் வைப்பதால் நூல் அந்தப் படத்தின் மாற்று வடிவம் ஆகிவிடாது என்றது. பெயரை நூலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்ததும் போதும் என்றது. ஆக, உங்கள் கவிதையை மாற்றாமல் ஒரு தொகுப்பில் சேர்த்தால், மற்றவர் கவிதைகள் அதனால் திறந்துவிடா. பலரும் அஞ்சுவது போல இது தொற்றுநோய் அன்று.

ஒரு நடைமுறைத் தொல்லை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'இதே உரிமம்' என்ற நிபந்தனையுள்ள இரண்டு வேறு உரிமங்களை ஒரே படைப்பில் கலக்க முடியாது. விக்கிப்பீடியாக் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியும், வணிகத் தடையோடு கூடிய தொகுப்பிலிருந்து ஒரு பாடலும் எடுத்து ஒரே நாடகமாகப் பின்னினால், எந்த உரிமத்தில் வெளியிடுவது? இரண்டுமே தன்னைக் கேட்கும். பின்னவே முடியாது.

நம்முடையது அல்லாததைத் தர முடியாது

உரிமம் எது என்று யோசிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் படைப்பு முழுவதும் என்னுடையதா?

கலை இரவுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரிந்திருக்கும். நம் நாடகங்களில் சினிமா மெட்டு இல்லாத நாடகம் எது? என் 11 நாடகங்களில் மூன்றில் சினிமா மெட்டுக்கு எழுதிய பாடல்கள் இருந்தன. சொற்கள் என்னுடையவை, மெட்டு இன்னொருவருடையது. என் சொற்களுக்கு மட்டுமே நான் உரிமம் தர முடியும். ஆகவே அந்த மூன்றிலும் மெட்டைக் கும்மிக்கும் தாலாட்டுக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். வழிவழியாக வரும் நாட்டார் மெட்டுக்கு உரிமையாளர் இல்லை. (குறிப்பிட்ட ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்கு உண்டு; குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்த விஷயத்தில் அமெரிக்க ஓவியர் நீனா பேலி பட்ட பாடு படிக்க வேண்டிய கதை. இராமாயணத்துச் சீதையின் துயரையும் தம் மணமுறிவையும் இணைத்து 2008இல் அவர் ஒரு முழுநீளக் கேலிச்சித்திரப் படம் எடுத்தார். அதில் 1920களில் ஆனெட் ஹான்ஷா பாடிய பாடல்களைச் சேர்த்திருந்தார். பழைய பாடல்தானே என்று விட முடியவில்லை. இசையமைப்புகளின் உரிமை நிறுவனங்களிடம் இருந்தது. பேரம் பேசி ஏறத்தாழ 50,000 அமெரிக்க டாலர் கட்டிய பிறகே படத்தை முறையாக வெளியிட முடிந்தது. பட்ட அனுபவத்தால் அவர் தம் படத்தை 'இதே உரிமம்' நிபந்தனையோடு எல்லாருக்கும் திறந்துவிட்டார். 2013இல் அந்த நிபந்தனையையும் நீக்கிச் சிசி பூச்சியத்துக்கு மாற்றினார்.

அடுத்து, யார் கேட்டு எழுதினோம் என்பது. மலேசியச் சட்டப்படி ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதித் தந்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவருக்குப் போய்விட்டதாகவே கருதப்படும். வேலையின் பகுதியாகச் செய்ததும் அப்படியே, அது முதலாளிக்கு. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம், கேட்டு எடுக்கப்படும் நிழற்படம், ஒலிப்பதிவு, திரைப்படம் முதலியவற்றின் உரிமையைப் படைத்தவருக்கே முதலில் தருகிறது. வேறு வகையாக வேண்டுமென்றால் எழுதிக்கொள்ள வேண்டும். ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் விதி தலைகீழ்! போட்டிகளுக்கு அனுப்புபவர்கள் விதிமுறைகளின் கடைசி வரியைப் படியுங்கள். 'பரிசு பெறும் படைப்புகளின் உரிமை ஏற்பாட்டாளருக்கே' என்று இருந்தால், பரிசு வாங்கிய பிறகு உரிமம் தர உங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. என் நாடகங்களில் ஒன்று இப்படிப் பரிசோடு போனது. இன்னொன்று ஓர் அமைப்பு கேட்டு எழுதியது. இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். எஞ்சியவை ஒன்பது. இசைத்துறையில் இருப்பவர்கள் தாங்கள் சேர்ந்திருக்கும் உரிமத்தொகை வசூல் அமைப்பின் ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். நிகழ்த்தும் உரிமையை அதனிடம் ஒப்படைத்திருந்தால் தனியே திறந்து தர இயலாமல் போகலாம்.

படத்தில் இருப்பவர்களின் உரிமை வேறு. 2007இல் ஆஸ்திரேலியாவின் விர்ஜின் மொபைல் நிறுவனம், இணையத்தில் திறந்த உரிமத்தில் இருந்த ஒரு நிழற்படத்தைத் தெருவோர விளம்பரத்தில் பயன்படுத்தியது. படத்தில் இருந்தவர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துப் பதின்மவயதுப் பெண். எடுத்தவர் உரிமம் தந்திருந்தார். பெண்ணை யாரும் கேட்கவில்லை. குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். தனக்கு அதிகாரவரம்பு இல்லை என்று அங்குள்ள நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. ஆனால் பாடம் தெளிவு. நாடகத்தில் நடித்த பிள்ளைகளின் படங்களை நான் எந்த உரிமத்திலும் வைக்கப்போவதில்லை.

திரும்பப் பெற முடியாதது

இந்த உரிமங்களை ஒருமுறை தந்தால் தந்ததுதான். நீங்கள் வெளியிடுவதை நிறுத்தலாம். ஏற்கெனவே எடுத்தவரிடமிருந்து பிடுங்க முடியாது. பின்னாளில் ஒரு பதிப்பகம் முழு உரிமையும் தனக்கு மட்டும் வேண்டும் என்று கேட்டால், தர இயலாது. நூலாக்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை வீட்டில் உட்கார்ந்து நன்றாக யோசியுங்கள்.

இறுக்கமான நிபந்தனையிலிருந்து தளர்ந்த நிபந்தனைக்குப் போவது எளிது. திரும்பி வருவது கடினம். கனடா எழுத்தாளர் கோரி டாக்டரோவ் 2003 ஜனவரியில் தம் முதல் நாவலை அச்சு நூலோடு திறந்த உரிமத்திலும் வெளியிட்டார். வணிகமும் கூடாது, மாற்றமும் கூடாது என்பதே அப்போது அவர் நிபந்தனை. ஓராண்டு கழித்து மாற்றத்துக்கு இடம் கொடுத்தார். அச்சமுள்ளவர்கள் இந்த வழியில் போகலாம். தவறில்லை.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. துணைப்பாட நூல் வெளியிடும் நிறுவனம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என் நாடகக் காட்சி ஒன்றைப் பெயர் போடாமல் பயிற்சி நூலில் சேர்த்து விற்றது. 'இதற்காகவே வணிகத் தடை போடுங்கள் அண்ணா' என்றான் இதழ்க்குழுத் தம்பி ஒருவன். அப்போது அந்த நாடகம் எந்தத் திறந்த உரிமத்திலும் இல்லை, முழுப் பூட்டுதான். பூட்டியிருந்தபோதே எடுத்தவர்கள், நான் எந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தாலும் எடுப்பார்கள். அவர்களை மனத்தில் வைத்து நிபந்தனை எழுதினால், பாதிக்கப்படுபவர் பேராக் ஆசிரியைதான்.

தமிழுக்கு இது புதிதா?

பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறிப் போய், 1949இல் சென்னை மாகாண அரசு அதை வாங்கியது. பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியுள்ளன. குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை தரப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அரசு தேர்ந்தெடுத்துச் செய்வது. பெரும்பாலும் எழுத்தாளர் மறைந்த பிறகு நடப்பது. நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர்களுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் இணையத்துக்குக் கொண்டுவந்தது. 2013இல் தமிழ்நாட்டு ஆர்வலர்கள் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' இன்றைய எழுத்தாளர்களிடமே பேசி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூல்களை வெளியிடுகிறது. சிங்கப்பூர் தன் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2015இல் தன் தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்தது. அதற்காகத் தொண்டூழியர்கள் எழுத்தாளர்களையும் வாரிசுகளையும் தேடிப் போய் இசைவு பெற வேண்டியிருந்தது. நூல்களில் முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் அந்த உழைப்பில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இளையவர்கள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். 'திறந்து வைத்தால் இயந்திரம் படித்துவிடாதா?' படிக்கும். ஆனால் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், முறையாக அணுகக் கிடைக்கும் எந்தப் படைப்பையும் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக நகலெடுக்க இடம் கொடுக்கிறது. ஒப்பந்தம் போட்டு அதைத் தடுக்க முடியாது. சட்டமே அனுமதித்துவிட்ட இடத்தில் உரிமத்துக்கு வேலை இல்லை. படைத்தவரின் விருப்பத்தை இயந்திரங்களுக்குச் சொல்லும் குறிகளுக்கான திட்டம் ஒன்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2025 ஜூனில் அறிவித்தது. அது எப்படிப் போகும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். இதற்காக நாடகங்களைப் பூட்டி வைக்க எனக்கு மனமில்லை.

கணினி நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு சொல்: இந்த உரிமங்கள் நிரல்களுக்கு ஏற்றவையல்ல என்று அந்த அமைப்பே சொல்கிறது, அவற்றுக்குத் தனி உரிமங்கள் உண்டு. எழுத்துரு உருவாக்குபவர்களுக்குத் திறந்த எழுத்துரு உரிமம் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் அதில்தான் வருகின்றன.

என்ன எழுதுவது?

என் 9 நாடகங்களையும் 'பெயர் குறிப்பிடுக, இதே உரிமத்தில் பகிர்க' என்ற உரிமத்தில் வெளியிடுகிறேன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இந்நாடகம் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் – அதேவகைப் பகிர்வு 4.0 பன்னாட்டு உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. சுருக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், கட்டணம் வாங்கியும் மேடையேற்றலாம். எழுதியவர் பெயரையும், மாற்றியிருந்தால் மாற்றியதையும் குறிப்பிடுக. மாற்றிய வடிவத்தை வெளியிட்டால் இதே உரிமத்தில் வெளியிடுக.' உடன் உரிமத்தின் இணைய முகவரி. 'கிரியேட்டிவ் காமன்ஸில் வெளியிடப்படுகிறது' என்று மட்டும் எழுதினால் போதாது. ஆறில் எது, எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால் எடுப்பவருக்குப் பயனில்லை.

ஆண்டிதழுக்கும் இதே உரிமத்தைக் கட்டாயமாக்கலாமா என்று குழுவினர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எழுதியவர்தான் உரிமையாளர், கழகம் அவருக்காக முடிவெடுக்க முடியாது. அடுத்த இதழுக்கான படைப்புப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். முழு உரிமையும் எழுதியவருக்கே என்பது ஒன்று, பெயர் குறிப்பிட்டு மாற்றாமல் பகிரலாம் என்பது ஒன்று, பெயர் குறிப்பிட்டு மாற்றியும் பகிரலாம் என்பது ஒன்று. எதையும் குறிக்காவிட்டால் முதலாவதாகவே கொள்ளப்படும். அவரவர் தேர்வு அந்தந்தப் படைப்பின் அடியில் அச்சாகும்.

பழைய இதழ்களில் எழுதிய முன்னாள் மாணவர்களுக்கும் அதே படிவம் மின்னஞ்சலில் வரும். கூட்டாக எழுதியிருந்தால் அனைவரும் கையெழுத்திட வேண்டும். காலமானவர்களுக்காக அவர்தம் துணைவரோ பிள்ளைகளோ இசைவு தரலாம். அந்த லயத்து நாடகத்தை எழுதிய சீனியரின் குடும்பத்தாரை அறிந்தவர்கள் இதழ்க்குழுவுக்கு ஒரு வரி எழுதி உதவுங்கள். அவர் 1980களின் நடுவில் கலைப்புலத்தில் படித்தவர். படிப்பு முடிந்ததும் சிரம்பான் பக்கம் ஆசிரியராகப் போனார் என்று கேள்வி.